ஆண்டுக்கு ஒரு நடை வேண்டாம், ஓராண்டு நடை வேண்டும்

நீர்ப்பறவை பார்க்க மக்களை அழைத்துச் செல்லும் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகள், சமூக மன்றக் குழுக்கள், தமிழாசிரியர்கள் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். பறவை நடைக்கு நாள் குறிக்கும்போது நீங்கள் முதலில் பார்ப்பது பள்ளி விடுமுறை அட்டவணையைத்தான். நான்கு வாரம் நீளும் ஜூன் விடுமுறை கண்ணில் படும். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, நாற்பது பேர், ஒரே நிறச் சட்டை, கையில் ஒலிபெருக்கி, முடிவில் சிற்றுண்டிப் பொட்டலம். ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பறவைதான் இருக்காது.

ஜூன் மாதத்தில் நம் நீர்நிலைகளுக்கு வரும் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை சைபீரியாவிலும் வடசீனாவிலும் முட்டை மேல் உட்கார்ந்திருக்கும். இங்கே மிஞ்சுவது உள்ளூர்ப் பறவைகளும், இனப்பெருக்க வயது வராததால் ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட சில இளம் பறவைகளும்தான். அந்தச் சிலவும் ஒன்பது மணி வெயிலுக்குள் நிழலுக்குப் போய்விடும். வந்த பிள்ளைகள் ஒரு சாம்பல் நாரையையும் இரண்டு கானாங்கோழியையும் பார்த்துவிட்டு, சிங்கப்பூரில் பறவையே இல்லை என்ற முடிவோடு வீடு திரும்புவார்கள். அதைத் திருத்தப் பிறகு பல ஆண்டுகள் ஆகும்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ஆண்டுக்கு ஒரு பெரிய நடையை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை, பன்னிரண்டு பேருக்கு மிகாமல், பன்னிரண்டு மாதமும் அங்கேயே போங்கள். எண்ணுங்கள், எழுதிவையுங்கள். அதை எப்படிச் செய்வது, எங்கே தவறும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் இடம். சிங்கப்பூரில் 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. நீர் இருக்கும் இடமெல்லாம் நீர்ப்பறவை இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கொக்கும் உள்ளானும் கால் நனைய நின்று மேயும் பறவைகள். அவற்றுக்கு வேண்டியது கணுக்கால் ஆழத் தண்ணீரும் சேறும். கரை செங்குத்தாகக் கல்லிலோ கான்கிரீட்டிலோ இறங்கும் நீர்த்தேக்கத்தில் அவற்றுக்கு நிற்க இடமில்லை. 1868 முதல் இருக்கும் மெக்ரிட்சி நம் நீர்த்தேக்கங்களில் மூத்தது, காட்டுக்கு நடுவே அழகாகவும் இருக்கிறது. மீன்கொத்தியும் மீன்பிடிக் கழுகும் பார்க்க ஏற்றது. சேற்றுப் பறவைகளுக்கு ஏற்றதல்ல. பிடோக் நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் மணல் தோண்டிய பள்ளம், ஆகவே கரையோரமே ஆழம். அங்கே தண்ணீருக்கு மேலே பறந்து மீன் பொறுக்கும் ஆலாக்களைப் பார்க்கலாம், நடந்து மேயும் பறவைகளைத் தேடிப் பயனில்லை.

குழுவாகப் போக நாங்கள் சொல்வது மூன்று வகை இடங்கள். ஜூரோங் ஏரித் தோட்டத்தின் 2019இல் திறந்த ஏரிக்கரைப் பகுதியில் ஆழமில்லாத ஓடைகளும் நாணல் ஓரங்களும் உண்டு. ரயில் நிலையம் பக்கம், கழிப்பறை உண்டு, சக்கர நாற்காலி போகும். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2012இல் கான்கிரீட் கால்வாயை உடைத்து இயற்கை ஆறுபோல் வளைத்துவிட்ட காலாங் ஆறு ஓடுகிறது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். மூன்றாவது, கிராஞ்சியும் சுங்கை பூலோவும் சேர்ந்த வடமேற்கு மூலை. கிராஞ்சி சதுப்பு நிலம் 2016இல் திறந்தது, ஏறத்தாழ 57 ஹெக்டர். அதன் மையப் பகுதிக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும் என்பதால் முன்கூட்டிப் பதிவு செய்யுங்கள். சுங்கை பூலோ 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்து 2002இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற சதுப்புநிலக் காப்பகம். பறவை வகை அதிகம் அங்கேதான். ஆனால் முதல் ஆண்டுக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தொலைவு காரணமாக நான்காவது மாதமே ஆள் குறைந்துவிடும். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சுமாரான குளம், தொலைவில் உள்ள சிறந்த குளத்தைவிட மேல். பன்னிரண்டு மாதமும் போனால்தான் கணக்கு.

சுங்கை பூலோவுக்குப் போவதென்றால் கடிகாரத்தைவிட ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை, முக்கியம். ஓதம் இறங்கியிருக்கும்போது பறவைகள் வெளியே நீரிணையோரச் சேற்றில் பரந்து மேயும், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும். ஓதம் ஏறிச் சேறு மூடியதும் அவை உள்ளே உள்ள குளங்களுக்கு வந்து கூட்டமாக ஒற்றைக் காலில் நிற்கும். அந்தக் குளங்கள் ஒரு காலத்தில் இறால் வளர்த்தவை. இன்றும் மதகு திறந்து மூடித்தான் தண்ணீர் அளவை வைத்திருக்கிறார்கள். உச்ச ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே மறைவிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். 2.5 மீட்டரும் அதற்கு மேலும் ஏறும் நாளாகப் பாருங்கள். கடல்துறை, துறைமுக ஆணையம் ஆண்டு அட்டவணை வெளியிடுகிறது. உச்ச ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே 'மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை' என்ற விதி அங்கே உதவாது. ஒரு மாதம் சரியாக அமையும், அடுத்த மாதம் வெறும் சேற்றைப் பார்த்து நிற்பீர்கள். நீர்த்தேக்கங்களுக்கு ஓதம் கிடையாது, அங்கே முதல் சனிக்கிழமை தாராளமாகச் செல்லும்.

இனிப் பருவம். கணக்கைச் செப்டம்பரில் தொடங்குங்கள், ஜனவரியில் அல்ல. பறவைகளின் ஆண்டு அங்கேதான் தொடங்குகிறது. ஜூலை கடைசியிலேயே முதல் உள்ளான் வந்து கால்வாய் ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். ஆகஸ்டில் பவளக்காலியும் கோட்டானும் (ஆந்தையல்ல, வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை). செப்டம்பர் பள்ளி விடுமுறை வாரத்தில் வரத்து நன்றாகத் தெரியும். ஜூன் கூட்டத்தைக் கூட்டும் உழைப்பில் பாதியை அந்த ஒரு வாரத்துக்குக் கொடுத்தாலே போதும். தமிழ்நாட்டில் ஆண்டு முழுதும் வாய்க்காலோரம் பார்த்துப் பழகிய சின்ன நீல மீன்கொத்தி இங்கே விருந்தாளி. செப்டம்பர் வாக்கில் வந்து ஏப்ரலில் போய்விடும். புளோக்குகளுக்கு நடுவே ஆண்டு முழுதும் உரக்கக் கத்துவது வேறு மீன்கொத்தி, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை உள்ளது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினாலே பிள்ளைகளுக்கு 'வந்தவர்', 'இருப்பவர்' என்ற பாடம் முடிந்தது.

அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வாடிக்கை, ஆகவே காலை நடைதான். தீபாவளி நெருக்கடியில் இந்த இரண்டு மாதத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். வீட்டு வேலை இருக்கிறவர்கள் இருக்கட்டும், இரண்டு பேராவது போய் எண்ணிவிட்டு வாருங்கள். டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழைக் காலம். நீர்மட்டம் உயர்ந்து கரைச்சேறு மூழ்கும், உள்ளான் வகை குறைந்ததுபோல் தெரியும். அவை நாட்டை விட்டுப் போகவில்லை, அந்தக் கரையை விட்டுப் போயிருக்கின்றன. அதனால்தான் தாளில் நீர்மட்டத்தையும் எழுதச் சொல்கிறோம்.

பொங்கல் வாரத்தை ஒட்டி ஒரு முக்கியமான நாள் உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் ஒரே காலத்தில் நடக்கிறது, சிங்கப்பூரும் அதில் உண்டு. ஜனவரிக்குக் காரணம் இருக்கிறது. அந்த மாதத்தில் பறவைகள் போய்வந்துகொண்டிராமல் தங்கிய இடத்தில் தங்கியிருக்கும். ஆகவே ஒரே பறவையை இரண்டு நாடுகள் எண்ணும் வாய்ப்பு குறைவு. உங்கள் ஜனவரி எண்ணிக்கையும் அதே காலத்தில் அமைந்தால் ஒப்பிட வசதி. நாம் இருப்பது கிழக்காசிய - ஆஸ்திரேலேசிய வலசைப் பாதையில். 22 நாடுகள் வழியாக 5 கோடிக்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் போய்வரும் பாதை அது. வேடந்தாங்கலில் மரம் வெளுக்கப் பறவை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் இங்கே அதை எதிர்பார்க்க வேண்டாம். இது வழியில் உள்ள ஒரு சத்திரம், கூட்டம் சிறியது, ஆள் மாறிக்கொண்டே இருக்கும். எப்போதாவது விதிவிலக்கு வரும். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் நத்தைகுத்தி நாரைகள் பெருங்கூட்டமாக நம் வானில் வட்டமிட்டன. அதை நம்பி நடை ஏற்பாடு செய்ய முடியாது.

குளம் வற்றினால் பறவை பறந்துபோகும் என்பது தமிழில் ஊறிய எண்ணம். இங்கே பிப்ரவரி, மார்ச் தொடக்கத்தின் காய்ந்த வாரங்களில் நேர்மாறாக நடக்கும். நீர்மட்டம் ஒரு முழம் இறங்கினால் கரையில் புதுச் சேறு தெரியும், அதில் புழு கிடைக்கும், பொறி உள்ளானும் சின்னப் பட்டாணி உப்புக்கொத்தியும் அங்கே இறங்கும். வற்றிய கரையைப் பார்த்து, 'இந்த மாதம் ஒன்றுமில்லை' என்று திரும்பிவிடாதீர்கள்.

மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான் எங்களுக்கு மிகவும் பிடித்த காலம். தமிழ்மொழி விழா நடக்கும் மாதம் என்பதால் உங்களுக்கும் பொருந்தும். கொக்கு வகையான மடையானை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் புல்லோரம் நிற்பது கோடு போட்ட பழுப்புப் பறவை. பறந்தால் மட்டும் வெள்ளைச் சிறகு பளிச்சிடும். சீன மடையான், ஜாவா மடையான், இந்திய மடையான் மூன்றும் இங்கே வரக்கூடும். நவம்பரில் மூன்றும் ஒரே அச்சு, கையில் பிடித்துப் பார்த்தாலும் குழம்புவார்கள். நல்ல தொலைநோக்கி வாங்கினாலும் தீராது. தீர்வு காத்திருப்பதுதான். மார்ச் கடைசியில் இறகு மாறத் தொடங்கும். சீன மடையானுக்குத் தலையும் கழுத்தும் அடர்ந்த கருஞ்சிவப்பு, முதுகு கறுப்பு. இந்திய மடையானுக்கு அப்படியே தலைகீழ், முதுகு கருஞ்சிவப்பு, தலை வெளிர்மஞ்சள். ஜாவா மடையானுக்குத் தலை பொன்னிறம், மார்பு இலவங்கப்பட்டை நிறம், முதுகு கறுப்பு. இங்கே மிகுதியாக வருவது சீன மடையான், ஜாவா அதற்கடுத்து, இந்தியது அரிது. நவம்பர்த் தாளில் 'மடையான், இனம் தெரியவில்லை, 6' என்று நேர்மையாக எழுதிவைத்த குழுவுக்குத்தான் ஏப்ரலில் இந்த இன்பம் கிடைக்கும். நவம்பரிலேயே மூன்றில் ஒன்றை ஊகித்து எழுதியவர்களின் தாள் ஏப்ரலில் பொய்யாகிவிடும்.

அதே வாரங்களில் பசிபிக் பொன் உப்புக்கொத்தியின் முகமும் வயிறும் கறுத்து, ஓரத்தில் வெள்ளைக் கரை போட்டதுபோல் ஆகும். இந்தப் பறவைகள் வடக்கே நெடுந்தூரம் பறப்பதற்காகக் கொழுப்புச் சேர்க்கும் நேரமும் இதுதான். ஒருமுறை கிளப்பிவிட்டால் மேய்ந்த நேரம் போகிறது, சேர்த்த கொழுப்பும் செலவாகிறது. படத்துக்காக இன்னும் பத்தடி முன்னே போகும் ஆசையை ஆண்டு முழுதும் அடக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் கட்டாயம் அடக்க வேண்டும்.

மே முதல் ஜூலை வரை உள்ளூர்க்காரர்களின் காலம். கானாங்கோழிக் குஞ்சுகள் கரிப் பந்துபோல் தாயின் பின்னால் ஓடும், சின்ன ஆலா திறந்த மணல்தரையில் முட்டையிடும், ஆள்காட்டி புல்தரையில் குழிபறித்து அடைகாக்கும். ஆள்காட்டி பெயருக்கு ஏற்றபடி ஆளைக் காட்டிக் கொடுக்கும் பறவை. அது தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தினால் நீங்கள் கூட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். வந்த வழியே திரும்புங்கள். தேடினால் மிதித்துவிடுவீர்கள், முட்டை கூழாங்கல்போல் தரையோடு தரையாக இருக்கும். ஆக ஜூன் நடையை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை. பன்னிரண்டில் ஒன்றாக அது இருக்கட்டும். ஜூனில் எண்ணிக்கை குறைந்திருப்பதைத் தாளில் கண்டால்தான் டிசம்பருக்குப் பொருள் வரும்.

பெயர்க் குழப்பம் பற்றிச் சொல்லியாக வேண்டும், இது தமிழில் நடத்தும் நடைகளுக்கே உரியது. நாரை என்ற ஒரே சொல்லை இரண்டு குடும்பப் பறவைகளுக்குச் சொல்கிறோம். சாம்பல் நாரை, செந்நாரை ஆகியவை கொக்குக் குடும்பம். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை ஆகியவை உண்மையான நாரைக் குடும்பம். வேறுபாடு பறக்கும்போது தெரியும். கொக்குக் குடும்பம் கழுத்தை மடித்துத் தோளுக்குள் வைத்துப் பறக்கும், நாரைக் குடும்பம் கழுத்தை நீட்டிப் பறக்கும். முதல் நடையில் இதை மட்டும் சொல்லிக் கொடுத்தால்கூடப் போதும். சுங்கை பூலோ பக்கம் காணும் மஞ்சள் மூக்கு நாரையும் பால்வண்ண நாரையும் கூண்டுகளிலிருந்து வெளிவந்தவற்றின் வழித்தோன்றல்கள் என்றே பறவையாளர்கள் கருதுகிறார்கள். இரண்டும் கலந்து பிறந்தவையும் உண்டு. பால்வண்ண நாரை வெள்ளை உடலும் கறுத்த சிறகு முனையுமாக இருக்கும். உடலில் இளஞ்சிவப்புச் சாயலோ சிறகில் சாம்பல் திட்டோ இருந்தால் 'கலப்பு' என்று எழுதுங்கள்.

வெள்ளைக் கொக்குகளுக்குக் காலையும் அலகையும் பாருங்கள். கறுத்த காலும் மஞ்சள் விரலும் இருந்தால் சின்னக் கொக்கு, அதன் அலகும் கறுப்பு. உயரமாகத் தெரிந்து, வாய்ப்பிளவுக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றால் இடைநிலைக் கொக்கு. குட்டையான மஞ்சள் அலகோடு புல்வெட்டும் இயந்திரத்தின் பின்னால் நடப்பது உண்ணிக் கொக்கு. விரல் சேற்றில் புதைந்திருந்தால் மஞ்சள் தெரியாது, அது காலைத் தூக்கும்வரை பொறுங்கள். கொக்குக்குக் காத்திருக்கத் தெரியும், நமக்குத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

பெயர் சொல்லித்தரப் பறவையியலாளரைத் தேடி அலைய வேண்டாம். வயலோரத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் வளர்ந்த முதியவர்கள் உங்கள் சமூக மன்றத்திலேயே இருப்பார்கள். மடையான், கானாங்கோழி, தாழைக்கோழி எல்லாம் அவர்களுக்குப் புத்தகத்தில் வந்த பெயரல்ல. சங்கப் பாடல்களில் படித்த குருகு என்ற பெயரை இன்று நாணலுக்குள் கழுத்தை நீட்டி அசையாமல் நிற்கும் மஞ்சள் குருகுக்கும் செங்குருகுக்கும் வழங்குகிறோம் என்று சொன்னால் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நடக்க முடியாத பெரியவருக்கு மடக்கு நாற்காலி போட்டு ஓரிடத்தில் உட்காரவையுங்கள். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்தான் குருகைப் பார்ப்பார். நடக்கும் கூட்டம் பார்க்காது.

எண்ணும் முறைக்கு வருவோம். இரண்டு கிலோமீட்டர் பாதையில் ஐந்தாறு நிறுத்தங்களைக் குறியுங்கள். விளக்குக்கம்பம், பாலம்போல் மாறாத அடையாளம் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம், கூடுதலும் வேண்டாம் குறைவும் வேண்டாம். சூரிய உதயம் இங்கே ஆண்டு முழுதும் ஏழு மணியை ஒட்டித்தான். 7.15க்குத் தொடங்கி 9.30க்குள் முடித்துவிடுங்கள். முடிந்தால் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். பார்ப்பவரே எழுதினால் குனியும் நேரத்தில் பறவை இடம் மாறிவிடும். இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் எண்ணுங்கள். உங்களைக் கடந்து பின்னால் பறந்தவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் போகும் திசையில் முன்னே பறந்தவற்றை அடுத்த நிறுத்தத்தில் மறுபடி எண்ணிவிடும் ஆபத்து உண்டு, அவற்றைத் தனியே குறியுங்கள்.

கூட்டம் பெரிதாக இருந்தால் முதல் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போங்கள். இரண்டு பேர் தனித்தனியே எண்ணிப் பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் 40, மற்றவர் 70 என்றால் மறுபடி எண்ணுங்கள், நடுவில் 55 என்று பஞ்சாயத்துச் செய்யாதீர்கள். 'நிறைய' என்று எழுதிய தாள் குப்பைக்குத்தான் போகும். ஒன்றும் இல்லையென்றால் சுழியம் எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்த்துப் பறவை இல்லையா, ஆள் பார்க்கவில்லையா என்று பிறகு யாருக்கும் சொல்ல முடியாது. காலில் வண்ண வளையமோ கொடியோ தெரிந்தால் எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, மேல்நிறம் எது, கீழ்நிறம் எது, எழுத்து இருக்கிறதா என்று அதே வரிசையில் எழுதுங்கள். நிற வரிசைதான் அது எந்த நாட்டில் கட்டியது என்று சொல்லும். மேல்கீழ் மாறினால் நாடே மாறிவிடும்.

தொலைநோக்கிக்கு 8x42 (8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்வில்லை) போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும், பிள்ளைகளால் பறவையைக் கண்டுபிடிக்கவே முடியாது. பன்னிரண்டு பேருக்கு நான்கு இருந்தால் கைமாற்றிப் பார்க்கலாம். குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி பனித்துவிடும். பைக்குள் வைத்தபடியே கால் மணி நேரம் வெளிக்காற்றில் விடுங்கள், துணியால் தேய்க்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் போட்டுவைத்தால் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

ஒலிபெருக்கி வேண்டாம். ஒரே நிறச் சட்டை வேண்டுமென்றால் இலைப்பச்சையோ மண்ணிறமோ அடியுங்கள், மஞ்சளும் வெள்ளையும் தொலைவிலேயே கிளப்பிவிடும். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். ரொட்டி போடுவதை முதல் நடையிலேயே தடுத்துவிடுங்கள். 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி உணவு கொடுப்பது குற்றம். முதல் முறை $5,000 வரை, மறுபடி செய்தால் $10,000 வரை அபராதம் உண்டு. சட்டத்தை விடுங்கள், ரொட்டிக்குப் பழகிய பறவை மீன்பிடிக்க மறக்கும், கரைக்கு வரும், தூண்டில் நரம்பில் சிக்கும். நடைபாதையில் கிடக்கும் நரம்பைப் பொறுக்க ஒரு பை கொண்டுபோங்கள், சின்னதாக நறுக்கிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். சிக்கிய பறவையை நீங்களே பிடித்து விடுவிக்கப் போகாதீர்கள், கொக்கின் அலகு முதலில் குத்துவது கண்ணை. இறந்த பறவையைத் தொட வேண்டாம். இரண்டுக்கும் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயற்காற்று வருவதுண்டு. மேற்கே வானம் கறுத்து, காற்று சட்டென்று குளிர்ந்தால் எண்ணிக்கையை அங்கேயே நிறுத்திக் கூரைக்குள் போங்கள். திறந்த நீரோரத்தில் மூன்றுகால் தாங்கியோடு நிற்பவர்தான் மின்னலுக்கு உயரமான இலக்கு. எந்த நிறுத்தத்தில் நிறுத்தினீர்கள் என்று தாளில் குறித்தால் போதும், விட்டதை நினைவிலிருந்து நிரப்பாதீர்கள்.

தாளில் இவை இருக்கட்டும்: தேதி, தொடக்கம், முடிவு, வானிலை, நீர்மட்டம் (கரைக் கல்லில் எத்தனையாவது வரிசை தெரிகிறது என்பது போதும்), பார்த்தவர் எண்ணிக்கை, நிறுத்தம் வாரியாகப் பறவையும் எண்ணும். வீடு வந்த அன்றே, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு (eBird) செயலியில் ஏற்றிவிடுங்கள், தள்ளிப்போட்டால் கையெழுத்து உங்களுக்கே புரியாது. அங்கே 'பார்த்த எல்லாவற்றையும் பதிந்தேன்' என்பதற்கு 'ஆம்' சொல்ல வேண்டும். அழகான பறவைகளை மட்டும் ஏற்றியவர்கள் 'இல்லை' என்று சொல்லுங்கள். மைனாவும் கணக்கில் உண்டு.

பொறுப்பாளர் ஒருவரை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள். அவருக்கு வேலை மாறும், பிள்ளைக்குத் தேர்வு வரும், டிசம்பரில் ஊருக்குப் போவார். மூன்று பேராவது நிறுத்தங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதல் கணக்குக்கு முன் ஆகஸ்டில் ஒரு நாள், பறவை பார்க்காமல், பாதையை மட்டும் நடந்து நிறுத்தங்களைப் படமெடுத்து வையுங்கள். படிவம் தயாரிக்கவும், முதல் இரண்டு மாதம் உடன் நின்று எண்ணவும் எங்களைக் கூப்பிட்டால் வருவோம். காலை 7.15 என்றால் 7.00 மணிக்கே வந்துவிடுவோம், நீங்களும் அப்படியே வாருங்கள்.

இப்படிக்கு,
நீர்ப்பறவைகளை எண்ணும் சிங்கப்பூர்த் தமிழர் சிலர்